மூன்றாம் கூப்பிடல்

சம்மாந்துறை,
18.06.2009, வியாழன்.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் நதீராவும் சுகம். தோஹாவில் நீங்களும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். லீவு முடிந்து மீராசா காக்கா நாளைக்குப் போகிறார். சனிக்கிழமை இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தருவார். போனில் சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் அறையில் மற்றவர்கள் இருமுவது கூடப் போனில் எனக்குக் கேட்கிறது. நான் அழுதால் அவர்களுக்கும் கேட்கும்.

சண்டை முடிந்ததென்று போன மாதம் இங்கே வெடி கொளுத்தினார்கள். நதீரா பயந்து என் முந்தானைக்குள் நுழைந்துகொண்டாள். என்னோடு படிப்பிக்கும் காரைதீவு கனகேஸ்வரி டீச்சர் அன்றிலிருந்து ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. அவருடைய மகன் சுஜிந்தன் வன்னியில் இருந்தவன். இன்னும் ஒரு தகவலும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய கம்ப்யூட்டர் பதினொரு நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன லீவில் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நீங்கள் இருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன், நினைவிருக்கிறதா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினீர்கள். காற்றாடியைக் கழற்றினீர்கள். ஒரு சீடியில் இருந்த சின்ன லினக்ஸைப் போட்டீர்கள். "விண்டோஸ் எண்டவள் பத்து வேலைக்காரி புள்ள, பாட்டுப் போடுறது அவளுக்குப் பதினோராவது வேலை. இதுக்கு ஒரு வேலைதான்" என்றீர்கள். "அப்ப என்னையும் கழட்டி ஒரு வேலைக்காரியா ஆக்குங்க" என்றேன் நான். பென் டிரைவிலிருந்து பாட்டை முழுவதுமாக ஞாபகத்தில் ஏற்றிக்கொண்டு, பிறகு ஒன்றையும் தொடாமல் சத்தம் தெளிவாக வர நீங்கள் தோஹாவிலிருந்து கொண்டுவந்த சின்னப் பெட்டி வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் என்று விளக்கினீர்கள். நிறுத்தினால் ஏற்றியதெல்லாம் போய்விடும் என்றும் சொன்னீர்கள். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பென் டிரைவில் இருந்தது நம் மகன் ஹம்தியின் ரெக்கோட் மட்டும்தான். சுனாமிக்கு முதல்நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, கல்முனைக் கடற்கரை வீட்டில், அவன் பாத்திஹா ஓத நீங்கள் பதிந்தது. மறுநாள் கலியாண வீடொன்றைப் பதிய டேப்போடு நீங்கள் சம்மாந்துறைக்கு வந்ததால் உங்களோடு அந்தக் கசெட்டும் தப்பியது. போன லீவில் அதைப் பென் டிரைவில் ஏற்றி முடித்ததும் நாடா அறுந்துபோனது. தோஹாவுக்கு ஒரு பிரதி கொண்டுபோங்கள் என்றேன். "கேட்டா எனக்கு வேலை செய்ய ஏலாது" என்று மறுத்துவிட்டீர்கள்.

அந்தப் பென் டிரைவை மகள் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். நான் எடுத்தபோது அடியில் கிடந்தது. அதோடு அது செத்துவிட்டது. அந்த நேரம் கம்ப்யூட்டர் ஓதிக்கொண்டிருந்தது. ஹம்தி இப்போது அதன் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறான்.

நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

கம்ப்யூட்டரை நீங்கள் கழற்றி மாற்றுவதற்கு முன் நாம் கேட்டது என்ன? அவன் ஓதுகிறான், தடுமாறுகிறான், நீங்கள் சிரிக்கிறீர்கள். குசினியிலிருந்து நான் கூப்பிடுகிறேன், "மனே ஹம்தி". திரும்பவும், "மனே ஹம்தி". பிறகு வெறும் இரைச்சல். நீங்கள் லினக்ஸைப் போட்ட அன்று அந்த இரைச்சலுக்குப் பின்னால் மூன்றாவது கூப்பிடலும் கேட்டது. அதற்கு அவன் பதிலும் கேட்டது: "ஓம் உம்மா, இந்தா வாறன்." நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் இருந்திருக்கு புள்ள, நமக்குத்தான் கேக்கல்ல" என்றீர்கள்.

பதிந்த அன்று நான் மூன்றாம் தரம் கூப்பிடவில்லை, மச்சான். இரண்டு தரம் கூப்பிட்டேன். சோறு பொங்கியது, அடுப்புப் பக்கம் திரும்பினேன். நீங்கள்தான் அவனைத் தோளில் தூக்கி வந்தீர்கள். மூன்றாவது குரலும் என்னுடையதுதான். ஆனால் அது குசினியிலிருந்து வரவில்லை. ஓடி வருகிறவளின் குரல், மூச்சு வாங்குகிறது.

நாலரை வருடமாக உங்களிடம் மறைத்ததை இன்று எழுதுகிறேன். பொழுதுபட்ட பிறகு யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரத்துக்குத்தான் ஓம் சொல்ல வேண்டும், முதல் இரண்டும் ஜின்னாக இருக்கலாம் என்று ஹம்திக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவன் அதைப் பகலிலும் விளையாட்டாக்கிக்கொண்டான். சுனாமி அன்று காலை தண்ணீர் வந்தபோது அவன் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் நின்றான். நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை என்று உங்களுக்குச் சொன்னேன், ஊருக்கும் சொன்னேன். அவனுக்குக் கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மூன்றாவதுக்காகக் காத்து நின்றான்.

நதீராவுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவளுக்கு முன் பிறந்த ஒரு காக்கா இருந்தான் என்பதையே இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் ரெக்கோட் ஓடும்போது முதல் இரண்டு கூப்பிடலுக்கும் அசையாமல் இருப்பாள். மூன்றாவதுக்கு எழும்பி, "ஓம் உம்மா, இந்தா வாறன்" என்று ஸ்பீக்கரிடம் ஓடுவாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நிற்பேன். திரும்பியும் பார்க்க மாட்டாள். அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவள் மறுநாள் வரப்போவதை அறியாத உம்மா. அவளைத்தான் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது போலும்.

செவ்வாய்க்கிழமை அவள் படலையைத் தாண்டி ரோட்டில் நின்றாள். நெல் மூட்டை ஏற்றிய உழவு மெஷின் ஒன்று வளைவில் வந்தது. கூப்பிட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே நின்றாள். ஓடிக்கொண்டே மூன்றாம் தரம் கூப்பிட்டேன். "ஓம் உம்மா, இந்தா வாறன்" என்று ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். ஒரு காயமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மெஷின்காரர் இறங்கி வந்து, "பிள்ளைய வளக்கிறீங்களா, ரோட்டில காயப் போடுறீங்களா?" என்று ஏசிவிட்டுப் போனார். அது எனக்கு உறைக்கவில்லை. என் வாயிலிருந்து அப்போது வந்த குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். மூச்சு வாங்கும் அதே குரல், மச்சான். அதே இடத்தில் உடைகிறது.

அன்றிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. அதன் பச்சை லைட் இப்போதும் எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் வரை கரண்ட் இல்லை என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். பிரதி எடுப்பது எப்படியென்று நீங்கள் எழுதிய தாள் அலுமாரிக் கதவில் இருக்கிறது. கனகேஸ்வரி டீச்சர் ஒரு புதுப் பென் டிரைவும் தந்தார். "ஒரு குரலெண்டாலும் இருக்கே உங்களுக்கு, என்ட பிள்ளைட ஒண்டுமே இல்ல" என்று அதை என் கையில் வைத்து மூடினார். மூன்று நாளாக அது என் கையில் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. செய்ய ஏலாமல் இருக்கிறேன்.

வைத்துக்கொண்டால் நதீரா எந்த உம்மாவிடம் போவாள் என்று பயம். விட்டுவிட்டால், அவன் கையை நான் இரண்டாம் தரம் விட்டவள் ஆவேன். முதல் தரம் நான் தனியாக இருந்தேன். இந்தத் தரம் உங்களைக் கேட்காமல் விட எனக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் எடுங்கள். வை என்றால் வைக்கிறேன், விடு என்றால் விடுகிறேன். என்னை ஏச வேண்டுமானால் ஏசுங்கள், அறையில் ஆட்கள் இருந்தாலும் பரவாயில்லை. அல்லாஹ் உங்களைப் பாதுகாத்து எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்று மட்டும், மச்சான். போனில் என் பெயரை ஒரு தரம் மட்டும் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் கூப்பிடலுக்கே ஓம் சொல்வேன். மகளையும் பக்கத்தில் வைத்திருப்பேன், அவள் கேட்டுப் பழகட்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள்
ஹப்ஸா