ஷைலாவின் ஆப்ஷன் என்ட்ரி

ஸ்கெலட்டன்,
கோலார் தங்க வயல்
7 ஜூலை 2025

மேக்ஸ்வெல்லுக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. பிரிந்திருக்கிற புருஷனுக்கு என்ன போட்டு எழுதுவது என்றும் தெரியவில்லை. உங்கள் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான். ஆனால் உங்கள் மகள் இப்போது வேலைநிறுத்தம் செய்கிறாள்.

"அப்பா இன்னா சொன்னாரு, அம்மா இன்னா சொன்னாங்கன்னு இனிமே நான் யாருக்கும் சேதி சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே லிஸ்ட் குடுங்க. அதுவரைக்கும் ஆப்ஷன் என்ட்ரி பக்கமே போக மாட்டேன்" என்கிறாள். சி.ஈ.டி. நுழைவுத் தேர்வு எழுதிய மற்ற பிள்ளைகள் எல்லாம் எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ் என்று வரிசையாகப் போட்டு முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதான் கடைசி.

அதனால் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு லாய்ட் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரே உங்களுக்குப் போன் செய்து கே.ஆர்.புரம் ஸ்டேஷனில் கொடுப்பார். சாயங்காலம் அவரிடமே பதிலைக் கொடுங்கள்.

என் லிஸ்ட் சின்னது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். பெங்களூரில் எந்தக் காலேஜாக இருந்தாலும் சரி. 'சம்மதம்' என்று எழுதினால் போதும், விளக்கம் வேண்டாம்.

வின்னி


பெங்களூரு
8 ஜூலை 2025

அன்புள்ள வின்னிக்கு,

நீ போடாததை நான் போட்டுவிட்டேன். நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விளக்கம் இல்லாமல் எழுத முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம். நம் ஊர்க் காலேஜிலேயே பி.சி.ஏ.வோ பி.எஸ்சி. கணக்கோ படிக்கட்டும். ஆபீசில் நான் இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். லட்சம் லட்சமாகக் கட்டி ஏ.ஐ. படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு சின்ன புரோகிராமை எழுதிக் காட்டத் தெரியவில்லை. பட்டத்தின் பெயரில் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் நீ கேட்கப் போவதில்லை, தெரியும்.

"இன்னா மேக்ஸ்வெல், இந்த வயசுல என்னை லவ் லெட்டர் தூக்க வெச்சிட்டீங்களே" என்றார் லாய்ட் அண்ணன். லவ் லெட்டர் இல்லை என்றேன். மனுஷர் நம்பவில்லை.

அன்புடன்,
மேக்ஸ்வெல்


ஸ்கெலட்டன்
9 ஜூலை 2025

மேக்ஸ்வெல்லுக்கு,

பட்டத்தின் பெயரில் ஒன்றும் இல்லையா? இதை என்னிடமா எழுதுகிறீர்கள்?

நான் பி.சி.ஏ.வில் முதல் வகுப்பு. நீங்கள் அரியர் வைத்து பி.இ. முடித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே கம்பெனி வாசலில் சேர்ந்து நின்றோம். 'பி.இ. மட்டும்' என்று சொல்லி என் ஃபைலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க உட்காரவைத்து உங்களுக்கு புரோகிராம் சொல்லிக்கொடுத்தவள் வெளியே வெயிலில் நின்றாள், நீங்கள் உள்ளே போனீர்கள். இன்றைக்கும் நான் ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வருஷம் அந்த பி.இ.யில் சாப்பிட்டுவிட்டு மகளுக்கு மட்டும் வேண்டாம் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? ஃபீஸ் கட்டப் பயம் என்றால் அதையாவது நேராகச் சொல்லுங்கள்.

வின்னி


பெங்களூரு
10 ஜூலை 2025

அன்புள்ள வின்னிக்கு,

நேராகவே சொல்கிறேன். பிப்ரவரியில் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். என் டீமே இப்போது இல்லை. ஷைலாவுக்குத் தெரியாது. நீ பிளாக் செய்து வைத்திருந்ததால் உன்னிடம் சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

அன்றிலிருந்து இன்டர்வியூவுக்குப் போகிறேன். ஷைலாவைவிடக் கொஞ்சம் பெரிய பையன்கள் எதிரே உட்கார்ந்து, "சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ் எங்களுக்கு ஜாஸ்தி" என்று மரியாதையாக அனுப்பிவிடுகிறார்கள். பயம் ஃபீஸுக்கு இல்லை. நாளைக்கு அவளும் என் வயதில் இப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவாளோ என்றுதான் பயம்.

கம்பெனி வாசலைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் உண்மை. உன் லிஸ்டையே போடச் சொல். சம்மதம்.

மேக்ஸ்வெல்


ஸ்கெலட்டன்
11 ஜூலை 2025

மேக்ஸ்வெல்லுக்கு,

பிப்ரவரியிலிருந்து இதைத் தனியாக வைத்துக்கொண்டா இருந்தீர்கள்? படித்ததும் கோபம்தான் வந்தது. பிறகு இன்னொரு தடவை படித்தேன்.

கடிதத்தை ஷைலாவிடம் கொடுத்தேன். படித்தாள். நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டு முடித்தாள். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். வரிசையாக பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு காலேஜ் பெயர்களைப் பார்த்தால் பெலகாவி, கல்புர்கி, பீதர், கார்வார். பெங்களூரில் ஒன்றுகூட இல்லை. ஏண்டி என்றேன்.

"கோர்ஸ் உங்க இஷ்டம்மா. ஊரு என் இஷ்டம். நீங்களும் அப்பாவும் காலையில வந்து சண்டை போட்டுட்டு சாயங்காலம் வீடு திரும்ப முடியாத ஊரா பாத்துப் போட்டிருக்கேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

இனி மாற்ற முடியாது. அவள் போன பிறகு உங்களுக்கு எழுத எனக்கு என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணமும் தோன்றவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சாப்பிட வாருங்கள். ஷைலாவும் இருப்பாள். படிப்பைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

வின்னி