பதினோரு புத்தகங்களுக்கு ஒரே கையெழுத்து

மாப்பிள்ளை,

இன்று காலை என் போனில் கட்டைவிரல் மழை பெய்தது. உன் பேத்தி படிக்கும் தமிழ்ப்பள்ளி இப்போதெல்லாம் தேர்ச்சி அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறது. அவரவர் போனுக்கு அவரவர் பிள்ளையின் அறிக்கை தனியாக வரும். வந்து சேர்ந்ததா என்று டீச்சர் பெற்றோர் குழுவில் கேட்டு வாய் மூடுவதற்குள் முப்பது கட்டைவிரல்கள் முளைத்துவிட்டன. ஒரே நிமிடத்தில் முப்பது பேர் நாலு பக்கம் படித்து முடித்திருக்கிறார்கள். உலகம் மேதைகளால் நிரம்பி வழிகிறது, நாம்தான் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டோம்.

உன் கட்டைவிரல் கதை வேறு. அதை மறைக்கத்தானே என்னை நம் லயத்து வீடுகளுக்கெல்லாம் தலைமைக் கையொப்ப அதிகாரியாக நியமித்தாய்?

என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே நீ என் கூட்டாளி. ரப்பர் மரத்தை உன்னைப் போல் சீவ மூன்று மாநிலத்தில் ஆளில்லை. கையில் பென்சிலைக் கொடுத்தால் மட்டும் பாம்பைக் கொடுத்தது மாதிரி பார்ப்பாய். உன் மகள் செல்விக்கு முதல் ரிப்போர்ட் புத்தகம் வந்த அன்று அதைச் சட்டைக்குள் மறைத்து என்னிடம் கொண்டுவந்தாய். "நீயே போட்டுடு மச்சான். வெரல் வெச்சா புள்ளயக் கேலி பண்ணுவாங்க" என்றாய்.

எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு ஏறிய கர்வம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. சாதாரணக் கையெழுத்தா அது? முதல் எழுத்து யானை மாதிரி நிற்கும். அதன் வால் கிளம்பினால் சிரம்பான் டவுன் வரை போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் திரும்பும். அந்த அழகில் மயங்கி மற்ற அப்பாக்களும் வந்தார்கள். அடுத்த பள்ளித் தவணைக்குள் பதினோரு புத்தகங்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையில் வரச் சொன்னேன். கட்டத்தைத் தேடுவேன், போடுவேன், அடுத்த ஆள். மேலே டீச்சர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மகாராஜாக்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டா முத்திரை வைத்தார்கள்?

செல்வியின் பரீட்சைப் புள்ளிகள் இறங்கிக்கொண்டே போயின. எழுத்து தெரியாவிட்டாலும் சிவப்பு மை உனக்குத் தெரியும். படிப்பு ஏறாத பிள்ளையை அடுத்த வருஷம் நிறுத்திவிடலாம், வீட்டில் தம்பியையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நீயும் தங்கையும் பேசினீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

பிறகுதான் அந்த ரப்பர்ப் பால் கொட்டகை. பால்வெட்டு முடிந்து வாளிகளோடு எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பாலை நிறுத்துக்கொண்டிருந்தார். வாளிகளுக்கு நடுவே, குடையும் கையுமாக, செல்வியின் டீச்சர். ரிப்போர்ட் நாளில் ரப்பர் மரத்தடியில் நிற்கும் அப்பாவை வேறு எங்கே போய்ப் பிடிப்பது? உன் பின்னாலேயே நகர்ந்து வந்து, நீ வாளியை இறக்கியதும் புத்தகத்தைப் பிரித்தார்.

"உங்க மக மக்கு இல்லைங்க. பலகையில எழுதுறது அவ கண்ணுக்குத் தெரியல. நாலு தவணையா எழுதி அனுப்புறேன். நீங்க கையெழுத்த மட்டும் ஜோரா போட்டு அனுப்புறீங்க."

பாலேற்ற வந்திருந்த நான் லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். தொப்பை ஒளிய மறுத்தது.

நீ என் பக்கம் கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "அது என் கையெழுத்து இல்லீங்க டீச்சர். எனக்கு எழுதத் தெரியாது" என்றாய். புலியை விரட்டினேன், வெள்ளத்தில் லாரியை நீந்தவிட்டேன் என்று நான் அவிழ்த்துவிட்ட கதைகள் ஆயிரம். அந்த ஒரு வரியைச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததே இல்லை, மாப்பிள்ளை.

பதினோரு அப்பாக்களுக்கும் ஒரே வால் எப்படி முளைத்தது என்று தனக்கும் சந்தேகம்தான் என்றார் டீச்சர், என் தொப்பையைப் பார்த்தபடி. நீ கிராணியின் மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, என் யானையின் மேலேயே வைத்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய். "இனிமே வெரல் நான் வெக்கிறேன். நீ படி மச்சான். ஒரு எழுத்து விடாம படி."

அதன்பின் பதினோரு புத்தகங்களும் கடைசி வரிவரை படித்த பிறகே மைப்பெட்டி திறந்தது. செல்வியை என் லாரியிலேயே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணாடி போட்டுத் திரும்பிய அன்று, ராசா டவுனிலிருந்து எஸ்டேட் வாசல் வரை ஒரு கடைப் பலகை விடாமல் வாசித்துக்கொண்டே வந்தாள். உனக்கே யாரோ கடிதம் போட்ட மாதிரி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு வந்தாய்.

இப்போது அவள் சுங்கை காடுட் தொழிற்சாலையில், மற்றவர்கள் செய்த பொருளில் ஊசிமுனைக் கோளாறைக்கூடக் கண்டுபிடிக்கும் அதிகாரி. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பள்ளியில் என் எண்ணையும் கொடுத்திருக்கிறாள். வேலைக்குள் நுழையுமுன் அவசரமாக அழுத்திய அவள் விரலும் அந்த முப்பதில் ஒன்று.

நான் நாலு பக்கமும் படித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: விடை தெரிந்தும் எழுந்து சொல்லத் தயங்குகிறாள், வீட்டில் உரக்க வாசிக்கப் பழக்கவும். சாப்பாட்டு நேரத்தில் செல்வி கூப்பிட்டபோது சொன்னேன். "புள்ளிய மட்டும் பாத்துட்டு மூடிட்டேன்லா மாமா" என்றாள். கொட்டகையில் அன்று நடந்தது அவளுக்கும் தெரியும்.

இன்று மாலையிலிருந்து உன் பேத்தி தினம் பத்து நிமிடம் எனக்கு வாசித்துக் காட்டப்போகிறாள். கோலாலம்பூர் வரை கேட்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்திருக்கிறேன். கேட்கும். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தவனின் பேத்தி அல்லவா?

குழுவில் என் விரல்தான் பாக்கி. ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டேன், மாப்பிள்ளை. நீ இல்லாத இந்தத் தடவை விரலையும் உனக்காக நானே வைக்கிறேன்.