லாக்கப்பில் வந்த எமர்ஜென்சி கேஸ்

என் வீட்டு நீதிபதிக்கு,

"போகாதீங்க, உள்ள போட்டுடுவாங்க" என்றாய். உன் வாக்கு பலித்தது. ஆம்புலன்ஸ்காரன் ஸ்டிரைக் செய்தால் சட்டப்படி குற்றமாம். ராப்பகலாக ஓட்டவைத்தால் மட்டும் குற்றமில்லையாம்.

இன்று எங்களைப் பிடித்த இன்ஸ்பெக்டரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் லாக்கப்பில் இருந்தோம்.

"யோவ் டிரைவர், வாய்யா சீக்கிரம்!" என்று ஏட்டு கதவைத் திறந்தார். போலீஸ் ஜீப்பையே ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மனுஷன் பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் ஏட்டு கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மறக்காமல் பூட்டினார்.

வேலை போய்விடும் என்கிறார் வக்கீல். பாப்பா கேட்டால் அப்பா டூட்டியில் இருப்பதாகச் சொல். பொய்யாகாது.

இப்படிக்கு,
நீ சொல்லியும் கேட்காத உன் வீட்டுக்காரன்