ஹரகத் ஆஹே

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
9-11-1964

தம்பிக்கு,

மழைக்காலம் முழுதும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று; போதும்.

செம்பூரில் உன் வீட்டை ஒட்டிய கிராமத்தார், ஊர் எல்லையில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட விடலாமா என்று யோசித்தபோது, குடிவரப்போகும் எங்கள் கேம்ப் ஆட்களின் சம்மதத்தை எழுத்தில் கேட்டார்கள். அதை மராத்தியில் நீதான் எழுதிக்கொண்டு வந்தாய்.

"ஹரகத்னா என்னடா?" என்று கேட்டேன்.

"சம்மதம்தான் அண்ணாச்சி. கடைக்காரன் தெனமும் சொல்லுதானே, காதுல விழலியா?" என்று சிரித்தாய்.

ஆங்கிலம் படித்த கர்வத்தில் வேறு யாரையும் கேட்காமல் முதல் கையெழுத்தை நான் போட்டேன். என்னை நம்பி நாற்பது குடும்பங்கள் போட்டன.

ஹரகத் என்றால் ஆட்சேபம். கடைக்காரன் சொல்வது 'ஹரகத் நாஹி', ஆட்சேபம் இல்லை என்று. நீ எழுதியது 'ஹரகத் ஆஹே'. அங்கே வர எங்களுக்கு ஆட்சேபம் உண்டு என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த இடத்தில் இப்போது சரக்குக் குடோன் எழும்பிவிட்டது.

"படிச்சவுகன்னு நம்பித்தானே ரேக வச்சேன்" என்றாள் பக்கத்துக் குடிசைப் பேராச்சி. இந்த வருஷ மழையில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

உன் ஜன்னலுக்கு எதிரே இனி எங்கள் துணி காயாது. நிம்மதியாக இரு.

எழுத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்வாய். உன்னை நம்பிப் போட்ட கையெழுத்து ஒன்றே போதும். இதில் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.