விலை கூடின பெட்ரோலும் என் திருட்டு வேலைகளும்

மே 6, செவ்வாய்

எழுதுவதற்கு முதலில் மன்னிப்பு. வாயைத் திறந்து ஒரு வரியில் கேட்டுவிடக்கூடிய விஷயத்துக்காகப் பேனாவை எடுத்திருக்கிறேன். என்னால் ஆனது இவ்வளவுதான்.

வேலை கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே, குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வகம். முதல் ஆறு மாதம் அரை வேளை, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. ஜூன் 16 சேர வேண்டும். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். எங்கள் வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. அப்பா பெயிண்டர், வேலைக்குக் கிளம்புவது பத்துக்கு மேல். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. டியூஷன் எடுத்த காசில் கற்றுக்கொண்டது, அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஆக, கேட்டால் போதும். கேட்கத்தான் வரவில்லை.

இன்று அதற்கும் ஆபத்து. மாமா, அம்மாவின் அண்ணன், காரைச் சுற்றி வந்து பானெட்டைத் தட்டினார்.

"லிட்டருக்கு ஒன்பதுதான் குடுக்குதுன்னா இது காரு இல்ல மாப்ளே, ஓட்டைக் குடம். விலை கூடின பெட்ரோல் போட்டுப் பாரு. அதுல நம்பர் பெருசு. நம்பர் கூடினா சத்து கூடும். அப்பவும் சரிப்படலையா, என்கிட்ட தள்ளிவிட்டுடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வீட்டுல நீதான் படிச்ச புள்ள. நான் சொல்றது சரிதானே?"

நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டம்.

தலையாட்டிவிட்டேன்.

மே 7, புதன்

மாமா சொன்ன அந்த ஆக்டேன் நம்பர் சத்தைக் குறிப்பதல்ல. எஞ்சினுக்குள் எவ்வளவு அமுக்கினாலும் நேரத்துக்கு முன்னால் வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு பொறுமை காக்கும் என்பதைச் சொல்வது. எங்கள் கார் அவ்வளவு அமுக்கும் ஜாதியே இல்லை. அதனுடன் வந்த கையேட்டில் 'சாதாரணப் பெட்ரோல் போதும்' என்று போட்டிருக்கிறது. (பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான்தான் முதல் வாசகி.) பாயில் படுத்துத் தூங்குபவனுக்கு ஹெல்மெட் வாங்கித் தருவது போலத்தான் இது.

இதை அப்படியே அப்பாவிடம் சொல்லலாமே? சொல்லலாம். யார் சொல்வது?

மே 11, ஞாயிறு

மைலேஜ் ஏறிவிட்டால் காரை மாமாவிடம் தள்ளும் பேச்சே வராது. அப்பா மதியம் தூங்கும்போது நானும் தங்கையும் காரைச் சோதனை போட்டோம். நான்கு டயரும் தரையோடு பிதுங்கிக் கிடந்தன. டிக்கியைத் திறந்தால் மிச்சப் பெயிண்ட் டப்பாக்கள். அடியில் இருந்தவை இறுகிக் கல்லாகிவிட்டன. ஏர் ஃபில்டரைக் கழற்றினேன், சுவரில் பட்டி தேய்த்த வெள்ளைத் தூள் அப்பிக் கிடந்தது.

"பாவம்க்கா, மூக்கடைச்சுக்கிட்டே ஓடியிருக்கு" என்றாள் தங்கை.

ஜாக்கியோடு உறை பிரியாமல் கிடந்த மிதி பம்பை அவள் மிதிக்க, நான் அளவைப் பார்த்தேன். அவள் மிதிக்கும்போதெல்லாம் பம்பு கோழி மாதிரிக் கத்தியது. ஜன்னலில் அப்பாவின் இருமல் கேட்டதும் இருவரும் காருக்குப் பின்னால் பதுங்கினோம். சொந்தக் காருக்குக் காற்று அடித்துவிட்டுத் திருடிகள் போல ஒளிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

கல்லான டப்பாக்கள் இப்போது என் கட்டிலுக்கு அடியில். புது ஃபில்டர் போட்டாகிவிட்டது. அப்பாவும் இன்று முதல் விலை கூடின பெட்ரோல் போடுகிறார்.

மே 12, திங்கள்

அம்மா பெருக்க வந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். நிமிர்ந்தாள். "நீ எதுவும் சொல்ல வேணாம், நான் எதையும் பாக்கல" என்று துடைப்பத்தோடு போய்விட்டாள்.

மே 24, சனி

லிட்டருக்குப் பன்னிரண்டு! அப்பா வாசல் தூணில் பென்சிலால் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். எஞ்சினை அணைக்காமலேயே சொன்னார் என்பது வேறு விஷயம்.

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். "சொன்னேன்ல!"

தங்கை என் காலை மிதித்தாள். சிரிப்பை அடக்க நான் அடுப்படிக்கு ஓட வேண்டியதாயிற்று.

மே 25, ஞாயிறு

எல்லாம் போச்சு.

அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "நல்ல பெட்ரோல் ஊத்தினாத்தான் இது ஒழுங்கா ஓடும்னு தெரிஞ்சுபோச்சு. தினமும் ஊத்த நமக்குக் கட்டுப்படி ஆகாது. மச்சானே எடுத்துக்கட்டும். எட்டாம் தேதி வரச் சொல்லிட்டேன்."

நான் செய்ததற்கெல்லாம் பேர் பெட்ரோலுக்கு. மைலேஜை ஏற்றி ஏற்றி நானே காரை மாமா வீட்டு வாசலுக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். இப்பவாவது வாயைத் திறடீ. திறக்கலியே. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மே 26, திங்கள்

சொல்ல வராவிட்டால் காட்டிவிட வேண்டியதுதான். டப்பாக்கள் டிக்கிக்குத் திரும்பின. பழைய ஃபில்டரையே மாட்டினேன். டயர் வால்வை அமுக்கியபோது புஸ்ஸென்று வந்த காற்று முகத்தில் அடித்தது. விலை கூடின பெட்ரோலை ஊற்றியும் மைலேஜ் விழுந்தால், காரணம் பெட்ரோல் இல்லை என்று அப்பா தானே யோசிப்பார் அல்லவா?

ஜூன் 1, ஞாயிறு

அப்பா யோசித்தார். அவர் யோசித்து முடிவு செய்தது கலப்படம் என்று.

காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனார். எங்களுக்கு எப்போதும் பெட்ரோல் போடும் அக்காவிடம் பாய்ந்தார். "என்னத்தைம்மா கலக்குறீங்க? ஒரு வாரத்துல பன்னெண்டு ஒன்பதாயிடுச்சு!"

"கலந்தா வண்டி திக்கித் திணறும் சார். இப்படி நல்லா ஓடி வந்து சண்டை போடுமா?"

பின்னால் வரிசை ஹாரன் அடித்தது. மேனேஜர் வந்தார். என்ன ஏது என்று முழுசாகக் கேட்கவில்லை. "இவங்க ஷிஃப்ட்லதானே சார்? இன்னையோட வேலைய விட்டு நிறுத்திடறேன்."

அக்காவின் கையில் பெட்ரோல் குழாய் அப்படியே தொங்கியது. அவர் என்னைப் பார்த்தார். சும்மாதான் பார்த்தார், என்னை எதுவும் கேட்கவில்லை.

"அப்பா, அவங்க மேல தப்பில்ல. நான்தான்." யாருடைய குரல் இது? இவ்வளவு சத்தமாக? "டயர்ல காத்தை எறக்கினது நான். முன்னாடி அடிச்சதும் நான். பெட்ரோல் ஒண்ணுமே பண்ணல."

ஹாரன் நின்றது. அப்பா அக்காவிடமும் மேனேஜரிடமும் மன்னிப்புக் கேட்டார். அக்கா வேலையில்தான் இருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டுதான் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் டயர்களைத் தொட்டுப் பார்த்தபின் அப்பா சொன்னார்: "நான் ஏணி மேல நிக்கிறவன். கீழ நின்னு பெத்த பொண்ணே ஏணியை ஆட்டின மாதிரி இருக்கு."

அழுதேன். டயர்ல காத்து குறைஞ்சா வண்டி இழுக்கும், வெடிக்கும்னு தெரியும்ல? தெரியும். படிச்சிருக்கேன். ஆனாலும் செஞ்சேன். இதுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது.

"ஏம்மா முதல்லயே சொல்லல?"

"மாமா கேட்டப்போ தலையாட்டிட்டேன்ப்பா. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல."

பங்கில் நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தது அம்மா. "இவ வாயைத் திறக்க ஒரு பங்கே நின்னு வேடிக்கை பாக்க வேண்டியிருக்கு!"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், வேலை, பஸ், லைசென்ஸ். அப்பா லைசென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோல நல்லா சிரிக்கிற. வீட்டுலதான் சிரிக்க மாட்டேங்குற."

ஜூன் 8, ஞாயிறு

சாதாரணப் பெட்ரோல். டிக்கி காலி. டயரும் ஃபில்டரும் சரி. நின்று பேசும்போது அப்பா எஞ்சினை அணைக்கிறார். இத்தனைக்கும் பிறகு பன்னிரண்டரை.

காரை எடுத்துப்போக வந்த மாமா தூணில் இருந்த கணக்கை வெகுநேரம் பார்த்தார். "பழைய நல்ல பெட்ரோலோட சத்து டேங்குல ஒட்டிக்கிட்டிருக்கும் மாப்ளே."

"அப்ப அது தீர்ற வரைக்கும் காரு இங்கேயே இருக்கட்டும் மச்சான்" என்றார் அப்பா.

போகும்போது மாமா என்னைத் தனியாக அழைத்தார். "ஏம்மா, என் வண்டி டயரையும் ஒரு தடவை அமுக்கிப் பாத்துடு. உங்கப்பாகிட்ட சொல்லாத."

ஜூன் 15, ஞாயிறு

ஒரு வாரமாகத் தினமும் விடியலில் ஆய்வகம் வரை நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் அப்பா. அவர் பக்கம் இல்லாத பிரேக்கை அவர் மிதித்த மிதியில் மிதியடி விரிப்பே நைந்துவிட்டது. "லாரி! லாரி!" என்பார். பார்த்தால் லாரி எதிர்ச்சாரியில், ஓரமாக நின்றுகொண்டிருக்கும்.

நாளை வேலைக்குச் சேர்கிறேன். அப்பா பையில் பேப்பரும் தலையணையும் எடுத்து வைத்துவிட்டார். என் வேலை முடியும்வரை காருக்குள்ளேயே படுத்திருப்பாராம். நாளைக்கு மட்டுமல்ல, ஆறு மாதமும்.

இதை எழுதிவிட்டுத் தூங்கிவிடத்தான் நினைத்தேன். பிறகு எழுந்து போனேன். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நேராக முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்கு நீங்க வர வேணாம்ப்பா. நான் தனியாப் போயிட்டு வரேன். நீங்க தூங்குங்க."