கோரலின் கட்டி ஒழுகுகிறது

ஜூலை 8, திங்கள்

அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை கோரல் வாயை மூடவில்லை. ஊரில் இத்தனை பேர் இருக்க, எனக்கு வந்த அதே சினைப்பைப் புற்று இவளுக்கும் வரவேண்டுமா? வந்ததுதான் வந்தது, அதே மருந்துச் சோதனையில் இவளையும் சேர்க்கவேண்டுமா? அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டாக்டர் ட்ரான் பொறுமையாக விளக்கினார். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளில் அடைத்து ஏற்றுவார்கள். நல்ல ரத்தக் குழாயின் சுவரை அவை தாண்டாது. கட்டி தனக்கென்று அவசர அவசரமாக வளர்த்துக்கொண்ட குழாய்களோ ஓட்டை உடைசல். குமிழிகள் அங்கே கசிந்து கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். யாருக்கு எவ்வளவு கசிகிறது என்று முதலில் ஒளிரும் குமிழிகளை விட்டு ஸ்கேன் எடுப்பார்களாம்.

திரும்பும்போது கோரல் சொன்னாள்: "என்னது கண்டிப்பா ஒழுகும்டி. எங்க வீட்டுல ஒழுகாதது எது?"

ஜூலை 11, வியாழன்

"வாடி, ஸ்கேன் முடிவ சேர்ந்தே கேட்போம்" என்று என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். போயிருக்கக் கூடாது.

அவள் கட்டி கிறிஸ்துமஸ் மரம் மாதிரி ஜொலிக்கிறது. என்னுடையது அணையப்போகிற அடுப்பு. "இத மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது, நரேல். ரெண்டு பேருக்கும் மருந்து உண்டு" என்றார் டாக்டர். ஆனால் கோரலைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேனே!

முப்பது வருடமாக ஊர்க் கண்காட்சியில் ஸ்பான்ஜ் கேக்குக்கு நீல ரிப்பன் அவளுக்கு. இரண்டாம் பரிசுச் சிவப்பு எனக்கு. இப்போது புற்றுநோயிலுமா? இதிலாவது நான் முந்தக் கூடாதா?

வயிறு எரிகிறது. கட்டி இருக்கும் இடம் வேறு, எரியும் இடம் வேறு.

ஜூலை 12

"நம்மளது கெட்டியான உடம்பும்மா, அதான் கசியல" என்று என் கணவன் ட்ரெவ் ஆறுதல் சொன்னான். அவனோடு இன்று பேச்சு இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து கோரலின் உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. குமிழிகள் கட்டியில் மட்டும் இறங்குவதில்லையாம், சிலருக்குக் கையிலும் காலிலும் போய்த் தங்கிவிடுமாம். களிம்பு பூசிப் பருத்திக் கையுறை போட்டிருக்கிறாள். பாவம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "மருந்து எனக்கு அவ்ளோ நல்லா பிடிக்குதுன்னு அர்த்தம்டி" என்கிறாள். தோல் உரிவதிலும் பெருமை!

வீட்டுக்கு வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கை உரியவில்லையே என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். சீ, என்ன பிறவி நான்.

ஆனாலும் — அவளுக்கு மருந்து போகுதுன்னா அவ இருப்பா. நான் போயிடுவேன். ட்ரெவ் தனியா என்ன பண்ணுவான்? ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது அவனுக்கு.

செப்டம்பர் 19, வியாழன்

என் கட்டி சுருங்கியிருக்கிறது!

கோரலுடையது சுருங்கவில்லை. கொஞ்சம் வளர்ந்தும் இருக்கிறது.

அளவுக்கு மீறிய கசிவாம். மருந்தோடு நீரும் கொட்டிக் கொட்டிக் கட்டிக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. புதிதாக வரும் மருந்து நடுவே போக வழியில்லாமல் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. என்னுடையதில் கசிவு கொஞ்சம்தான், ஆனால் அழுத்தம் ஏறாததால் கசிந்தது நடுவரை போயிருக்கிறது. ஆரஞ்சுத் தோப்பு வைத்திருக்கிற எங்களுக்கு இது புரியாதா? தண்ணீர் தேங்கிய மண்ணில் உரம் கரைத்து விட்டால் மேலேயேதான் நிற்கும்.

கோரல் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முப்பது வருடம் கேக் மேசை முன்னால் நான் வைத்துக்கொண்டு நின்ற மூஞ்சி அது.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். அடிலெய்டு எல்லை தாண்டும்வரை பட்டேன். பாதி வழியில், பிளான்ச்டவுன் பாலத்தருகே, எப்போதும்போல் கறி அடைத்த பேஸ்டி வாங்க நிறுத்தினேன். அவள் காரைவிட்டு இறங்கவில்லை.

"ஏதாவது பேசேன்டி."

"என்ன பேச? நீ ஜெயிச்சிட்டே."

மிச்ச வழி முழுக்க ரேடியோதான் பேசியது.

செப்டம்பர் 20

கேட்டதுதானே கிடைத்தது? பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

செப்டம்பர் 26, வியாழன்

கோரலுக்கு இனிமேல் வேறொரு மருந்தும் உண்டு. கட்டியின் குழாய்களைக் கொஞ்சம் சீராக்கி, அதன்பிறகு குமிழிகளை ஏற்றுவார்களாம். "ஓட்டைய அடைச்சாத்தான் உள்ள போகுமாம். கேட்டியா கூத்த?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். பலிக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

அக்டோபர் 5, சனி

நீல ரிப்பன் எனக்கு!

இந்தக் கையோடு கோரல் எதை அடித்துக் கலக்குவாள்? அவள் போட்டிக்கு வரவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் வந்தாள், கையுறையோடு, தொளதொளவென்று தொங்கும் பழைய கோட்டில். என் கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"மாவச் சலிச்சியா, இல்ல சபிச்சியா?"

"முதல் பரிசுடி இது."

"நான் போடலன்னுதானே கிடைச்சுது."

உண்மை. அவள் இல்லாத மேசையில் யார் வேண்டுமானாலும் முதலில் வரலாம். சமையலறை ஜன்னலில் ரிப்பனை மாட்டிப் பார்த்தேன். பிறகு கழற்றி அலமாரியில் போட்டேன்.

அவ செத்துட்டா ஒவ்வொரு வருஷமும் எனக்குத்தான். எனக்கு வேணாம்.

அக்டோபர் 31, வியாழன்

காத்திருக்கும் அறையில் கோரல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உரிந்த கை, சொரசொரவென்று. நான் விடுவிக்கவில்லை.

டாக்டர் ட்ரான் திரையைத் திருப்பிக் காட்டினார். முன்பு விளிம்பு மட்டும் மின்னிய கோரலின் கட்டி, இப்போது நடுவிலும் ஒளிர்கிறது. அளவும் குறைய ஆரம்பித்திருக்கிறது. "இன்னும் ரொம்ப தூரம் போகணும்" என்றார். கோரல் காதில் அது விழவே இல்லை.

காரில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள். "பாத்தியா என்னோடத? நடுவுலயும் எப்படி மின்னுது! உன்னோடது இன்னும் மங்கலாத்தானே இருக்கு? அடுத்த வருஷம் அந்த ரிப்பன துடைச்சு வைடி, வந்து வாங்கிக்கிறேன்."

என் வயிறு பழையபடி பற்றி எரிந்தது. அப்பாடா.

பிளான்ச்டவுனில் இரண்டு பேஸ்டி வாங்கினேன். பெரியதை அவளே எடுத்துக்கொண்டாள்.