அனந்தராமன் என்று எழுதுங்கள்

சிஞ்ச்வட், புனே
19 ஆகஸ்ட் 2007

அன்புள்ள சரசாவுக்கு,

அமலாக்கா எழுதுவது. நீயும் தீப்தியும் ஆண்டவர் காவலில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நானும் இவரும் இங்கே இருக்கிறோம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பத்தாவதில் தீப்தி கணக்குக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். பால்கனிக் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு லோக்கல் டிரெயின் பெட்டிகளை எண்ணுவாள், ஆறுக்குப் பிறகு மறுபடியும் மூன்றுக்கு வந்துவிடுவாள், அந்தப் பிள்ளையா என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாளாகிறது.

என் கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. வலது கை வீங்கியிருக்கிறது. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. இவரிடம் சொல்லி எழுதச் செய்திருக்கலாம். ஆனால் இது நானே எழுதவேண்டிய கடிதம்.

ஜூலை முழுக்க மழை. மாடியில் உங்கள் பழைய வீட்டில், ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பதி குடியிருக்கிறார்கள். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் உன் வீட்டுக் கதவு பகலெல்லாம் பூட்டிக் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நம் வீட்டில் இப்போது சமையல் இவர்தான். ரிட்டயர் ஆன மனுஷர் முதலில் கற்றுக்கொண்டது போஹே, அதுதான் இந்த ஊர் அவல் உப்புமா. தினமும் காலையில் அதுதான். கடுகைக் கருக்கிவிட்டு, இதுதான் மராட்டிப் பக்குவம் என்கிறார்.

எழுத வந்ததை எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் நான் சொல்லாத ஒன்று.

தொண்ணூற்றைந்து ஜூலையில் உன் வீட்டுக்காரர் அனந்தராமன் காலை ஷிஃப்டுக்குப் போனவர் மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். முப்பத்துநாலு வயசு. காரியங்கள் முடிந்து உன் மனிதர்கள் ஸ்ரீரங்கம் திரும்பினார்கள். பேப்பர் வேலை இருக்கிறது, தீப்தியின் ஸ்கூல் வருஷமும் முடியட்டும் என்று நீ இங்கேயே இருந்தாய். நான் அப்போதுதான் எங்கள் கோவிலின் வீடு சந்திப்புக் குழுவில் சேர்ந்திருந்தேன். துக்க வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் போய் ஆறுதல் சொல்வது எங்கள் ஊழியம். அழைக்கப்பட்டவள் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. மேல்மாடியில் ஒருத்தி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்றதும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஜெபப் புத்தகத்தோடு வந்தேன்.

வந்து என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். கடவுள் தமக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார், அழாதே என்றேன். நீ எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். தீப்தி மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், நான் தட்டினால் நீ திறக்கவில்லை. எனக்குக் கோபம். நல்லது சொல்லப் போனவளுக்கு இந்த மரியாதையா என்று இவரிடம் புலம்பினேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "நீ அந்தப் புள்ளைக்கு ஆறுதல் சொல்லப் போனியா, இல்ல உனக்கே சொல்லிக்கிடப் போனியாளா?" என்று கேட்டார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் நீயே வந்தாய். இறப்புச் சான்றிதழ் வாங்க கார்ப்பரேஷன் ஆபீசுக்கு இரண்டு தடவை அலைந்தும் அங்கே பேசுவது புரியவில்லை, மராட்டி தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நன்றாயிருக்கும் என்று வாசலில் நின்றே சொன்னாய். தீப்தியை இவரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். ரிக்ஷாவில் நீ வெளியே பார்த்தபடி வந்தாய். நான் உன் கைப்பையைப் பார்த்தபடி வந்தேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் சான்றிதழை நீட்டினாள். அதில் அனந்தராவ் என்று இருந்தது. அவர்கள் ஊர் வழக்கத்துக்கு அப்படித்தான் வந்திருக்கிறது, அவள் வேண்டுமென்று செய்யவில்லை. நான் உனக்குப் படித்துச் சொன்னதும் நீ சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாய். அத்தனை ஜனத்துக்கு நடுவில், "அவர் அனந்தராவ் இல்லக்கா, அனந்தராமன். எல்லாம் போயிடுத்து, பேரையாவது விட்டு வைக்கச் சொல்லுங்கோ" என்று அழுதாய். அவர் போனதிலிருந்து நீ வாய்விட்டு அழுதது அன்றுதான் என்று பிற்பாடு சொன்னாய்.

மனப்பாடமாக வைத்திருந்த வசனமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அந்த அம்மாளிடம், அனந்தராமன் என்று எழுதுங்கள் என்று ஒவ்வொரு எழுத்தாக மராட்டியில் சொன்னேன். அவள் எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்லிச் சரிபார்த்தேன். பிறகு உன் பக்கத்தில் அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்தேன். அந்த அம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. நீ என் தோளில் சாய்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகு வந்த எட்டு மாதத்தை இப்போது படுத்தபடி நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் மூன்று மணிக்கு நான் மாடியேறி வருவேன். நீ காப்பி போடுவாய். குளிர்காலத்தில் மட்டர், அந்தப் பச்சைப் பட்டாணி மலிந்தபோது கிலோக்கணக்கில் வாங்கி உரித்தோம். உரிப்பதில் பாதியைத் தீப்தி தின்றாள். சில நாள் நீ அவரைப் பற்றிப் பேசுவாய், சில நாள் மாவு மில்லைப் பற்றி. ஒரு நாள் நீயாகவே, "அக்கா, உங்க ஜெபம் சொல்லுங்கோளேன், கேட்டுண்டிருக்கேன்" என்றாய். நான் சொன்னேன். அதுவரை நான் எத்தனையோ ஜெபம் சொல்லியிருக்கிறேன், அன்றுதான் எனக்கே அது காதில் விழுந்தது. ஏப்ரலில் புனே ஸ்டேஷனில் உங்களை ரயிலேற்றிவிட்டு வந்து, மூன்று மணிக்குப் பழக்க தோஷத்தில் மாடியேறிப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

பிற்பாடு எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். லோஹேகாவில் மகனை இழந்த ஒரு தாய் வீட்டில் ஒரு மாதம் துணி மடித்துக் கொடுத்ததுதான் என் ஊழியம். அமலாவுக்குத் தேற்றும் வரம் இருக்கிறது என்று ஃபாதர் கோவிலில் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். அது வரமல்ல, ஒருத்தியை நோகடித்துவிட்டு அவளிடமே கற்றுக்கொண்டது என்று எழுந்து சொல்லவில்லை. உன்னிடமும் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. நாம்தான் சிநேகமாகிவிட்டோமே, பழசை எதற்குக் கிளறுவது என்று விட்டுவிட்டேன்.

இப்போது அவர்கள் என்னைச் சந்திக்க வருகிறார்கள். ஜனவரியிலிருந்து எனக்கு நடக்கும் வைத்தியம் உனக்குத் தெரியும். மருந்து ஆறு தடவை ஏற்றியாயிற்று. தலைமுடி போய், இவர் வாங்கித் தந்த குல்லாவோடு கிடக்கிறேன். போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா என்ற பெண், கடவுள் தமக்குப் பிடித்தவர்களைத்தான் சோதிப்பார் ஆன்ட்டி என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். எனக்கோ எழுந்து போகவும் தெம்பில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு நீ எப்படி இருந்திருப்பாய் என்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான் தெரிந்தது.

மறுவாரம் அவள் தனியாக வந்தாள். முகம் வாடியிருந்தது. நான் வருத்தப்பட்டதை அவள் கவனித்திருக்கிறாள், அன்று எனக்கு இல்லாத புத்தி. பக்கத்தில் உட்காரச் சொல்லி உன் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு என் வீங்கின கைக்கு எண்ணெய் தடவிவிட்டுப் போனாள். இப்போது வாரா வாரம் வருகிறாள்.

ஆகவே சரசா, என்னை மன்னித்துவிடு. எப்போதோ மன்னித்திருப்பாய். என்றாலும் நான் கேட்கவேண்டும், கேட்டுவிட்டேன்.

போன புதன்கிழமை டாக்டர் இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர் வீடு வரும்வரை தக்காளி விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நானும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு பேரும் வருவதாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். ஆனால் அவ்வளவு நாள் தள்ளவேண்டாம் அம்மா. தசரா லீவு உண்டல்லவா, அப்போதே வந்துவிடு. டிக்கெட் கிடைத்தால் அதற்கு முன்னாலேயே வா.

தீப்தியின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன். ஆண்டவர் உங்களைக் கண்ணின் மணிபோல் காப்பாராக.

என்றும் அன்புடன்,
அமலாக்கா